நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே

மந்தாரக்குப்பத்திலிருந்து ஓட்டுநர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

“ஐயா, ஆறு வருசமாக ஆறு கியர் டாரஸ் ஓட்டினேன். இரண்டு மாதமாக ஓனர் ஒன்பது கியர் டிப்பரைக் கையில் கொடுத்திருக்கிறார். மண் லோடு, கிராவல் லோடு, எப்போதாவது கரி லோடு. நாலிலிருந்து அஞ்சுக்குப் போடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. ஏற்றத்தில் கியர் கிடைக்காமல் இரண்டு தடவை வண்டி நின்றேவிட்டது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தது இன்னும் காதில் கேட்கிறது. பெட்டியில் கோளாறா, என் கையில் கோளாறா?”

தம்பி, பெட்டியை இறக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். கிளட்சை முழுக்க மிதித்து, மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பூஸ்டரில் காற்றுக் கசிவோ, லைனில் ஆயில் குறைவோ, அட்ஜஸ்ட்மென்ட் தளர்வோ இருக்கும். கியர் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரிவர்ஸ் வழுக்கிக்கொண்டு விழுந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, சத்தம் எந்தக் கியரில் என்று பாருங்கள். எல்லாக் கியரிலும் முரண்டு பிடித்தால் சந்தேகம் மறுபடியும் கிளட்ச் மேல். ஏதோ ஒரு கியரில் மட்டும், ஏற்றும்போதும் இறக்கும்போதும் கரகரத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். போட்ட கியர் தானாக வெளியே துள்ளினால் பல்லோ ஃபோர்க்கோ தேய்ந்திருக்கும், சில சமயம் என்ஜின் மவுண்டிங் ரப்பர் செத்திருக்கும். உங்களுக்கு வருவது இது எதுவுமில்லை. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் மட்டும். ஆறு கியரிலிருந்து ஒன்பது கியருக்கு மாறிய பாதிப் பேருக்கு வருகிற சத்தம் அது.

ஏன் என்று சொல்ல, பெட்டிக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

ஒன்பது கியர் பெட்டிக்குள் உண்மையில் ஒன்பது ஜோடிப் பல் கிடையாது. முன்பக்கம் நாலு கியர் உள்ள ஒரு பெட்டி, கூட ஒரு க்ராலர், ஒரு ரிவர்ஸ். பின்பக்கம் ஒட்டிக்கொண்டு இன்னொரு சின்னப் பெட்டி. அதற்கு இரண்டே நிலை: லோ, ஹை. லோவில் முன்பெட்டியின் நாலும் 1, 2, 3, 4 ஆகின்றன. ஹைக்குப் போனால் அதே நாலு பல் 5, 6, 7, 8 ஆகின்றன. கடிகார முள் பகலில் காட்டும் அதே ஆறைத்தான் இரவிலும் காட்டுகிறது அல்லவா, அதுபோல. இந்தப் பின்பெட்டியை மாற்றுவது உங்கள் கை பலம் அல்ல, டேங்கில் இருக்கிற காற்று.

நம் ஊரில் ஓடுகிற இசட்.எஃப். வகை ஒன்பது கியர் பெட்டி ஒன்றின் விகிதங்களைச் சொல்கிறேன். க்ராலர் 12.73. முதல் கியர் 8.83. பிறகு 6.28, 4.64, 3.48. இத்தோடு லோ முடிந்தது. ஹையில் 2.54, 1.81, 1.34, 1.00. எந்த இரண்டு பக்கத்துக் கியரை எடுத்தாலும், ஒரு படி ஏறும்போது என்ஜின் சுற்று ஏறத்தாழ கால் பங்கு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகக் குறைய வேண்டியிருக்கிறது. நாலில் 1800 சுற்றில் கியரை எடுத்தால், அதே வேகத்தில் அஞ்சுக்குத் தேவை சுமார் 1300. முள் 1800-லிருந்து 1300-க்கு இறங்கி வரும் அந்த நொடியில் ராடு உள்ளே போனால் சத்தமே கேட்காது. முந்தினாலும் கரகர, பிந்தினாலும் கரகர.

ஆறு கியர் வண்டியில் எல்லா மாற்றமும் ஒரே மாதிரி இருந்தது, கை பழகிவிட்டது. இதில் நாலிலிருந்து அஞ்சுக்குப் போகையில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. முன்பெட்டி நாலாவது பல்லை விட்டு முதல் பல்லுக்குத் திரும்ப வேண்டும், பின்பெட்டி லோவிலிருந்து ஹைக்குத் தாவ வேண்டும். மற்ற மாற்றங்களைவிட இதற்கு ஒரு மூச்சு நேரம் கூடுதலாக வேண்டும். நீங்கள் மூணு-நாலு போட்ட அதே அவசரத்தில் அஞ்சையும் போடுகிறீர்கள். காற்று தன் வேலையை முடிப்பதற்குள் கை உள்ளே தள்ளிவிடுகிறது.

இனி உங்கள் கியர் நாப் மேல் இருக்கும் படத்தைப் பாருங்கள். ராடு வலது பக்கமாக இன்னொரு வாசலுக்குப் போகும்படி இரண்டு ‘எச்’ பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தால், ஹை-லோவுக்கென்று தனிச் சுவிட்ச் இருக்காது. நாலை நியூட்டலுக்கு இழுத்து, உள்ளங்கையால் வலப்பக்கம் ஒரு தட்டு. ஸ்பிரிங்கைத் தாண்டி ராடு அடுத்த வாசலுக்குப் போகும்போது ‘புஸ்’ என்று காற்றுச் சத்தம் கேட்கும். அது அடங்கியபின் அஞ்சு. அந்தச் சத்தம்தான் உங்களுக்குச் சிக்னல்.

நாப்பிலேயே ஹை-லோ பித்தான் இருக்கிற பெட்டி என்றால் வரிசை வேறு. நாலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ராடைத் தொடுவதற்கு முன் பித்தானை ஹைக்குத் தள்ளிவிட வேண்டும். அப்போது ஒன்றும் நடக்காது. ராடு நியூட்டலைத் தாண்டுகிற கணத்தில் பின்பெட்டி தானாக மாறிக்கொள்ளும். இறங்கும்போதும் அப்படித்தான்: அஞ்சில் இருக்கும்போதே பித்தானை லோவுக்குத் தள்ளிவிட்டு, பிறகு ராடை எடுக்க வேண்டும். ராடை நியூட்டலில் வைத்துக்கொண்டு அப்புறம் பித்தானைத் தேடுகிறவர்கள்தான் பின்பெட்டியின் சிங்க்ரோவைத் தின்றுவிடுகிறார்கள். எந்த வகையானாலும் காற்று மீட்டரில் அழுத்தம் முழுசாக ஏறாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். காற்றுக் குறைவாக இருந்தால் பின்பெட்டி பாதியில் நின்றுவிடும். ராடு கியரில் இருக்கும், வண்டி மட்டும் நியூட்டலில் கிடக்கும். ஏற்றத்தில் அப்படி ஒரு கணம் வாய்த்தால் தெரியும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஹையில் எட்டில் 1500 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது ஏதோ குழப்பத்தில் லோ வாசலில் நாலு விழுந்தால், என்ஜின் 5200 சுற்றுக்கு மேல் சுழன்றாக வேண்டும். எந்த லாரி டீசல் என்ஜினும் அதைத் தாங்காது. கிளட்ச் பிளேட் சிதறும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். வேகத்தில் லோவுக்குப் போகாதபடி பல பெட்டிகளில் தடுப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். ஆனால் வால்வை நம்பி யாரும் விரல் வைக்க வேண்டாம்.

இப்போது இடது காலுக்கு வருவோம். லேலண்ட் காமெட் ஓட்டிய தலைமுறைக்கு டபுள் கிளட்ச் என்றால் நடை மாதிரி, தனியாகக் கற்றதாக ஞாபகமே இருக்காது. அந்தப் பெட்டிகளில் வேகத்தைச் சமன்செய்ய சிங்க்ரோ வளையம் இல்லை. ஓட்டுநரே சிங்க்ரோ. கார்களில் 1928-லேயே காடிலாக் நிறுவனம் சிங்க்ரோவைக் கொண்டுவந்துவிட்டது. நம் லாரிகளுக்கு அது மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் இன்றும் 10, 13, 18 கியர் கொண்ட சிங்க்ரோ இல்லாத ஈட்டன் ஃபுல்லர் பெட்டிகள் ஓடுகின்றன. அங்கே பழகிய டிரைவர்கள் கிளட்சையே தொடாமல் சுற்றைப் பொருத்தி ராடை மிதக்கவிட்டே போட்டுவிடுவார்கள். அந்த வீடியோக்களைச் செல்போனில் பார்த்துவிட்டு நம் சிங்க்ரோ பெட்டியில் முயற்சி செய்கிற தம்பிகள் இருக்கிறார்கள். வேண்டாம். நம் பெட்டியின் வளையம் அதற்குச் செய்ததல்ல.

டபுள் கிளட்ச் மட்டும் இன்றைக்கும் உதவும், முக்கியமாக லோடோடு கியர் இறக்கும்போது. அஞ்சில் 1200 சுற்றுக்கு விழுந்துவிட்டது, நாலு வேண்டும். நாலுக்குத் தேவை சுமார் 1650. கிளட்சை மிதித்து நியூட்டல். கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரில் ஒரு சின்னத் தட்டு, 1650-ஐத் தொடுகிற அளவுக்கு. மறுபடி கிளட்ச், நாலு. எழுதும்போது நீளமாகத் தெரிகிறது, காலுக்கு ஒரு நொடி வேலை. சிங்க்ரோ இருக்கிறதே, தட்டாமலே விழுகிறதே என்பீர்கள். விழும். நீங்கள் காலால் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பித்தளை வளையம் தன் உடம்பைத் தேய்த்துச் செய்கிறது. பெட்டியை இறக்கி வளையம் மாற்றுகிற கூலியை ஒருதடவை உங்கள் ஓனரிடம் கேட்டுப் பாருங்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முதல் வாரமே சுற்று மீட்டர் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடிவிட்டார். “முள்ளைப் பார்த்தா ரோட்டை யாருடா பாக்குறது?” என்றார். சத்தத்தை வைத்துச் சொல்லச் சொன்னார்: இப்போ எவ்வளவு, இப்போ எவ்வளவு? பத்து நாளில் நூறு சுற்று முன்னே பின்னே சொல்ல வந்துவிட்டது. நீங்களும் காலி வண்டியில், வடலூர் தாண்டிய நேர் ரோட்டில், விடிகாலையில் பழகுங்கள். கேபின் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு. புது வண்டிகளில் கேபின் அடைப்பு நன்றாக இருப்பதால் என்ஜின் பேசுவது கேட்பதில்லை, அதுவும் ஒரு தொல்லை.

இனி ஏற்றம். நம் நெய்வேலிப் பக்கம் நிலம் தட்டை. கடலூரிலிருந்து விருத்தாசலம் வரை டாப் கியரை மாற்றாமலே போய்விடலாம். நம் ஊரில் மலை மேலே இல்லை, கீழே, கரிச் சுரங்கத்துக்குள் இருக்கிறது. கரியின் மேல் கிடக்கும் மண் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 50 முதல் 100 மீட்டர் ஆழம். 1957-ல் வெட்டத் தொடங்கி 1961-ல்தான் கரி கண்ணில் பட்டது என்றால் அந்த மண்ணின் கனத்தைப் புரிந்துகொள்ளலாம். அதில் பெரும்பகுதியை பக்கெட் வீல் இயந்திரம் வெட்ட, பெல்ட் சுமந்துகொண்டு போகிறது. சுரங்கத்தைச் சுற்றிய மற்ற வேலைகளுக்கும் வெளியே போகிற சரக்குக்கும்தான் லாரி. ஆகவே சமதளத்தில் பழகிய கால் திடீரென்று ஒரு சரிவுப் பாதையைச் சந்திக்கிறது, அதுவும் லோடோடு, அதுவும் கிராவலில்.

நீங்கள் இரண்டு தடவை நின்றது இங்கேதான் என்று நினைக்கிறேன். அஞ்சில் வேகம் பிடித்து ஏற்றத்தில் ஏறியிருப்பீர்கள், பாதியில் மூச்சு வாங்கியிருக்கும், நாலைத் தேடியிருப்பீர்கள். பெட்டியிலேயே மெதுவான மாற்றம் அஞ்சு-நாலு. காற்று மாறி முடிப்பதற்குள் லோடு வண்டியை நிறுத்திவிடும், பிறகு நாலும் பயன்படாது. மண் ஏற்றத்தில் லோடோடு ஹை-லோ எல்லையைக் கடக்கக் கூடாது. ஏற்றத்தின் அடிக்கு வருவதற்கு முன்பே, சமதளத்திலேயே லோவுக்கு வந்துவிடுங்கள். நாலில் ஏறினால் மூணு, இரண்டு என்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், காற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். செங்குத்து என்றால் அடியிலேயே இரண்டு. கியரை முன்கூட்டியே குறைத்துவிட்டதால் நஷ்டமான லாரியை நான் பார்த்ததில்லை.

இறக்க வேண்டிய நேரம் முள் 1200-க்கு வரும்போது. நம் வண்டிகளின் இழுவை பெரும்பாலும் 1200-லிருந்து 1600 சுற்றுக்குள் நிறைவாக இருக்கும். மீட்டரில் பச்சை போட்டிருக்கும் இடம் அது. 1000-க்குக் கீழே விழுந்து கேபின் நடுங்கத் தொடங்கியபின் கியரைத் தேடுவது, வீட்டில் தீப்பிடித்தபின் கிணறு தோண்டுவது.

அப்படியும் கியர் தவறிவிட்டதா? ராடோடு மல்லுக்கட்டாதீர்கள். கால் பிரேக், உடனே ஹேண்ட் பிரேக் லீவர். கிளீனர் இருந்தால் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை. மானம் போனால் போகட்டும், பின்னால் உருளக் கூடாது. பிறகு க்ராலர். கிளட்சை மெதுவாக விட, வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்குகிற மாதிரி ஒரு நெளிவு தெரியும். அது பிடித்தபின் லீவரை விடுங்கள், ஆக்ஸிலேட்டரை அளவாகக் கொடுங்கள். க்ராலரில் அலறவிட வேண்டிய அவசியமே இல்லை, விகிதம் 12.73, என்ஜின் ஒரு சின்ன முணுமுணுப்பில் கிளப்பிவிடும். க்ராலர் கிளம்புவதற்கு மட்டும். அதில் வேகம் பிடித்து இரண்டுக்குத் தாவலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சரிவு முடியும்வரை க்ராலரிலேயே போனாலும் குறைச்சலில்லை.

சமதளத்தில் லோடோடு ஒன்று, காலியாக இரண்டு. காலி வண்டியில் 2, 4, 6 என்று தாவிப் போடலாம். ஒன்பதையும் வரிசையாகப் போட்டால்தான் நல்ல டிரைவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தாவும்போது சுற்று பாதி வரை விழ வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும்.

கிளட்சைக் கொல்வது ஏற்றமல்ல, எடைமேடை வரிசை. நாப்பது லாரி நிற்கும், அரைமணிக்கு ஒரு வண்டி நீளம் நகரும். அரைக் கிளட்சில் ஊர்ந்துகொண்டே, சரிவான இடத்தில் கிளட்சாலேயே வண்டியை நிறுத்திக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ஒரு சித்திரை மாதம், எனக்கு முன்னால் ஐந்தே வண்டி இருக்கும்போது, கேபினுக்குள் எரிந்த ரப்பர் மாதிரி ஒரு நாற்றம். வரிசையிலிருந்து என் வண்டியை இன்னொரு லாரி கட்டி இழுத்துப் போனது. ஓனர் ஒரு வார்த்தை திட்டவில்லை, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். வரிசையில் நியூட்டல், ஹேண்ட் பிரேக், கால் கிளட்சுக்கு வெளியே. முன்வண்டி இரண்டு நீளம் போனபின் க்ராலரில் கிளட்சை முழுக்க விட்டு ஒரே நகர்வாக நகருங்கள். ஓடும்போது ராடு மேல் கை ஊன்றுவதையும் விட்டுவிடுங்கள். அந்தக் கையின் கனம் உள்ளே ஃபோர்க்கைத் தேய்க்கும்.

ஐப்பசி பிறந்தால் களிமண். சேற்றில் க்ராலர் போட்டால் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. இரண்டாவது கியரில், குறைந்த சுற்றில் போங்கள். டிஃப் லாக் இருந்தால் சேற்றுக்குள் இறங்கும் முன்பே, வண்டி நின்றிருக்கும்போது போட்டுக்கொள்ள வேண்டும். நடுச்சேற்றில் கியர் மாற்றினால் அந்த ஒரு நொடியில் வண்டி உட்கார்ந்துவிடும். கெட்டித் தரைக்கு வந்தபின் லாக்கை எடுக்காமல் திருப்பினீர்கள் என்றால் கிரௌன் ஹவுசிங்கில் கைவைக்க வேண்டிவரும்.

இறக்கத்துக்கு எங்கள் காலத்துச் சொல் ஒன்று உண்டு: ஏறின கியரில் இறங்கு. நீங்கள் ஒருநாள் பெங்களூர்ப் பக்கம் லோடு எடுக்கப் போவீர்கள். திரும்பி வரும்போது தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர். டீசல் மிச்சம் என்று நியூட்டலில் விட்டு இறங்கியவர்களால் அந்தக் கணவாய் பட்ட பாடு ஊரறிந்தது. மிச்சமும் பொய்க்கணக்குதான்: இப்போதைய என்ஜின்களில் கியரில் கால் எடுத்து இறங்கினால் டீசல் தெளிப்பே நின்றுவிடும், நியூட்டலில் ஐட்லிங்குக்காவது டீசல் வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் சுற்று கூடக்கூடத்தான் பிடிக்கும், ஆகவே இறக்கத்தில் கியர் தாழ்ந்திருக்க வேண்டும். கிளட்சை மிதித்த கணமே என்ஜின் பிடி போய்விட்டது என்று அர்த்தம். இறக்கத்தின் நடுவில் கியர் இறக்கலாம் என்று நினைத்து நியூட்டலுக்கு எடுத்து, வேகம் கூடிப்போய் எந்தக் கியரும் விழாமல், வெறும் பிரேக்கோடு மிஞ்சிப் போனவர்கள் உண்டு. டிரம் சூடேறினால் பிரேக்கும் இல்லை. ஆகவே உச்சியிலேயே, கண்ணுக்குச் சரிவு தெரியும் முன்பே கியர்.

லோடு பற்றி ஒரே வரி. 2018-ல் மத்திய அரசு அச்சு எடை வரம்பைக் கூட்டியபோது பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. அதற்குமேல் ஏற்றிவிட்டு, கியர் விழவில்லை என்று பெட்டியைத் திட்டுவது நியாயமில்லை.

ஆட்டோமேட்டிக் வரப்போகிறது, இதெல்லாம் எதற்கு என்று உங்கள் கிளீனர் பையன் கேட்பான். சுரங்கங்களில் ஓடும் பெரிய டம்பர்களில் ஆட்டோமேட்டிக் வந்து பல காலமாயிற்று, லாரிகளிலும் கிளட்ச் பெடலே இல்லாத வண்டிகள் வருகின்றன. இந்த லாரிகளுக்குள்ளும் பெரும்பாலும் இதே பல்லும் இதே ஹை-லோவும்தான். கம்ப்யூட்டர் ராடைப் பிடிக்கிறது. ஆனால் ஏற்றம் வரப்போவது அதற்கு உங்கள் அளவுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. நல்ல டிரைவர் அங்கேயும் அடிவாரத்தில் மேனுவலுக்குத் தட்டிவிடுவார்.

ஆக, நாளைக் காலை ரிவர்ஸ் சோதனை. பிறகு ஒரு வாரம் நாலில் 1800 வரை போய், நியூட்டல், தட்டு, ‘புஸ்’, அஞ்சு. அதற்குப் பிறகும் கரகரத்தால் மறுபடி எழுதுங்கள்: வண்டி குளிர்ந்திருக்கும்போதா சூட்டிலா, லோடிலா காலியிலா, கியர் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், மாற்றியபோது எந்த ஆயில் ஊற்றினார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் ஓனரிடம் இருக்காது, மெக்கானிக்கிடம் கேளுங்கள்.